தண்டவாளம் போடும் தாளம்

பழைய சிற்றூர் ரயில் நிலையத்தில் நடைமேடையின் ஓரமாக நின்று, பக்கத்துத் தண்டவாளத்தை உற்றுப் பாருங்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். 'தடக் தடக்' பிறக்கும் இடம் அதுதான்.

அந்த இடைவெளி வெயிலுக்காக விடப்பட்டது. ஒரு மீட்டர் உருக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.0115 மி.மீ. நீளும். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4.5 மி.மீ. நீண்டுவிடும். நீள இடம் இல்லாவிட்டால் பாதை பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளியும்.

இரு துண்டுகளையும் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளுக்கு ஃபிஷ்பிளேட் என்று பெயர். பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, 4 அல்லது 6 போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். தண்டவாளத்தின் துளைகள் போல்ட்டைவிடச் சற்றே பெரியவை. அந்த இடைவெளியில்தான் தண்டவாளம் முன்னும் பின்னும் நகர்கிறது. சில பாதைகளில் போல்ட் தலைகள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மாறி மாறி இருக்கும். தடம் புரண்ட சக்கரம் ஒரு பக்கத்து நட்டுகளைச் சீவிக்கொண்டு போனாலும் மீதி போல்ட்டுகள் பிடித்திருக்கட்டும் என்ற முன்யோசனை.

பட்டைக்கு அடியில் கிரீஸ் காய்ந்துவிட்டால் இணைப்பு இறுகிப்போகும். பிறகு வெயிலில் இடைவெளி மூடாது, குளிரில் போல்ட் அறுந்துபோகலாம். வேறொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு சக்கரமும் இணைப்பில் குத்தி இறங்குவதால் கீழே ஜல்லி நொறுங்கி, இணைப்பு தாழ்கிறது. தாழத் தாழ அடி பலமாகிறது. போல்ட் துளையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுவதும் இப்படித்தான்.

இனி தாளம். பெட்டியின் இரு முனைகளிலும் அடியில் இருக்கும் சக்கரத் தொகுதிக்குத்தான் இங்கே போகி என்று பெயர், முழுப் பெட்டிக்கு அல்ல. ஒரு போகியில் இரண்டு அச்சுகள், இடையே 2.5 முதல் 3 மீட்டர். ஒரு பெட்டியின் பின் போகியும் அடுத்த பெட்டியின் முன் போகியும் அருகருகே வருவதால் நான்கு அடி சேர்ந்து விழும். பிறகு பெட்டியின் நீளத்துக்கு ஒரு மௌனம்.

இதை வைத்தே வேகத்தைக் கணக்கிடலாம். 13 மீட்டர் துண்டுகள் என்றால் 47 விநாடிக்குள் கடக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கி.மீ. என்ற வேகம். அமெரிக்கப் பாதைகளின் 39 அடித் துண்டுகளுக்கு 43 விநாடி. உங்கள் காலடியில் உள்ள போகி எழுப்பும் இரட்டை ஓசையை ஒன்றாக எண்ணுங்கள். அமெரிக்காவில் இடது, வலது இணைப்புகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வருவதால், ஒரு பக்கத்து ஓசையை மட்டும் எண்ண வேண்டும். இந்த அமைப்பில் ஒரு வினோதம்: மணிக்கு 25-30 கி.மீ. வேகத்தில் பாதையின் தாழ்வுகளும் பெட்டியின் ஊசலும் ஒத்துப்போய், உயரமான சரக்குப் பெட்டிகள் தொட்டில் போல ஆடத் தொடங்கும். வேகம் கூடினால் ஆட்டம் அடங்கும்!

புதிய பாதைகளில் தண்டவாளத்தை மைல் கணக்கில் ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். நீள விடாமல் ஸ்லீப்பரும் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) ஜல்லியும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால், ஒற்றைத் தண்டவாளத்துக்குள்ளேயே சுமார் 55 டன் அழுத்தம் தேங்கும். அதனால்தான் கடும் வெயிலில் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட பாதையிலும் நிலையம் நெருங்கும்போது தடதடப்பு கூடும். பாதைகள் பிரியும் இடத்தில், ஒரு தடத்தின் சக்கர விளிம்பு இன்னொரு தண்டவாளத்தைக் கடக்க ஒரு வெட்டு விட்டாக வேண்டும். அதைத் தாண்டும்போது சக்கரம் அடிக்கிறது. சிக்னல் மின்சுற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் காப்பு இணைப்புகளும் அங்கே உண்டு. இரு தண்டவாள நுனிகளுக்கு நடுவே உலோகமல்லாத தகடு ஒன்று தலைகாட்டினால், அது அந்த இணைப்பு.