குழாயடியில் ஒரு கணக்கு

மும்பை தாராவியில் நான் வளர்ந்த ‘சால்’ எனும் வரிசைவீட்டுக் குடியிருப்பில் பதினாறு வீடுகளுக்கு ஒரே குழாய். விடியுமுன் தண்ணீர் வரும், சில மணி நேரத்தில் நின்றுவிடும். அம்மா நாலு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுப்பாள். அவள் குடத்துக்கு முன்னால் ரத்னகிரிப் பக்கத்து மராட்டி மாவுஷியின் (சித்தி என்ற முறையில் அப்படித்தான் அழைப்போம்) குடம், பின்னால் உத்தரப்பிரதேசத் தையல்காரர் வீட்டுக் குடம். திருநெல்வேலிச் சீமையை விட்டு வரும்போது தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாத அம்மாவுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தது அந்த வரிசைதான். இன்றைக்கும் தண்ணீர், முறை, சண்டை, சமாதானம் பற்றியெல்லாம் இந்தியில் பொரிந்து தள்ளுவாள். வங்கிக்குப் போனால் வாய் திக்கும்.

ஊர்விட்டு ஊர் வந்த மனிதர்களை ஒரு குழாய் எப்படிப் பிணைக்கிறது? இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) படிக்க வந்த திருமணமான மாணவர்களுக்காகக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. யாருக்கு எந்த வீடு என்பது அவர்கள் விருப்பப்படி அமையவில்லை. காலியாக இருந்த வீடு கிடைத்தது. முன்பின் தெரியாதவர்கள் வரிசையாகக் குடியேறினால் யார் யாருக்கு நண்பராவார் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பார்த்தார்கள். 1950இல் வெளியான அவர்களது கணக்கின்படி, அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். நடுவில் ஒரு வீடு வந்தால் அது 22 ஆகிவிட்டது. அதே மாடியின் மறுகோடி என்றால் 10. அந்த இரு கோடிக்கும் இடையே தூரம் 90 அடிகூடக் கிடையாது! இன்னொன்றையும் கவனித்தார்கள். மாடிப்படியை ஒட்டிய கீழ்வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். மேல்வீட்டார் இறங்கும்போதும் ஏறும்போதும் இவர்கள் கண்ணில் பட்டார்கள், அவ்வளவுதான் காரணம். அடியில் அளக்கிற தூரத்தைவிட, இருவருடைய அன்றாடப் பாதைகள் எத்தனை முறை குறுக்கிடுகின்றன என்பதே உறவைத் தீர்மானித்தது.

தாராவிக் குழாய் செய்த வேலை அதுதான். பதினாறு வீட்டுப் பாதைகளையும் தினமும் ஒரே இடத்தில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டது.

அடிக்கடி பார்ப்பதாலேயே ஒன்றின்மீது விருப்பம் வளர்கிறது என்று 1968இல் ராபர்ட் ஸயன்ஸ் (Zajonc) என்ற உளவியலாளர் சோதனைகள் மூலம் காட்டினார். ஆனால் குழாயடிச் சண்டை என்று நாம் சும்மாவா சொல்கிறோம்? 1976இல் கலிஃபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் நடந்த ஆய்வு நம் பழமொழிக்குச் சாட்சி சொல்லியது: நண்பர்கள் மட்டுமல்ல, பிடிக்காதவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். அருகில் இருப்பது உறவுக்கு வேண்டிய வாய்ப்பைத் தரும், அது எந்தப் பக்கம் சாயும் என்பதை வேறு சில விஷயங்கள் முடிவு செய்யும். 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் அவற்றைச் சொன்னார். சந்திப்பவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும். பொதுவான தேவை இருக்க வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். 2006இல் பெட்டிக்ரூவும் ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வேற்றுக் குழுவினரோடு பழகுவது பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் சேர்ந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்றும் தெரிந்தது. குழாய் வரிசையில் எவர் குடமும் ஒரு குடம்தான். அங்கே சம நிலையும் இருந்தது, தேவையும் இருந்தது.

பிறகு எங்கள் ‘சால்’ குடியிருப்பை இடித்தார்கள். மும்பையில் குடிசை மறுவாழ்வு ஆணையம் 1995இல் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் ஆரம்பத்தில் கிடைத்த வீடு 225 சதுர அடி. எங்களுக்கு நான்காம் மாடியில் ஒரு வீடு. உள்ளேயே குழாய், உள்ளேயே கழிப்பறை. அம்மா முதல் நாள் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணிலேயே நிற்கிறது. நாலு மணிக்கு எழுந்து இடுப்பொடியச் சுமந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! பழைய குழாயடியை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கணக்கு கணக்குத்தான். லிஃப்டும் வீட்டுக்குழாயும் வந்த பிறகு பதினாறு பாதைகள் குறுக்கிடும் இடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாவுஷி இரண்டாம் மாடியில்தான் இருந்தார். மாதக்கணக்கில் பார்க்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் செல்பேசி வந்து உட்கார்ந்தது.

ஒரு உறவை வைத்துக்கொள்ள ஆகும் செலவு என்று ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ஊருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில் இரவு கட்டணம் குறையும்வரை காத்திருப்போம். மீட்டரில் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஆச்சியிடம் நலம் விசாரிப்போம். அந்தச் செலவில் ஊரில் ஐந்தாறு பேரோடுதான் தொடர்பு வைத்துக்கொள்ள முடியும். மற்றபடி உடம்பு சரியில்லை என்றாலும் சீனி தீர்ந்துபோனாலும் பக்கத்து வீடுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அந்தச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. அதனால் உறவுகள் பெருகும் என்று தோன்றும். ஆனால் மனிதருடைய நேரமும் கவனமும் பெருகவில்லையே. இதற்கு நல்ல சான்றாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் பள்ளி முடித்து மேற்படிப்புக்கோ வேலைக்கோ போன 24 பேருடைய தொலைபேசி அழைப்புகளை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். புது இடம், புது மனிதர்கள் என்று பேசும் ஆட்கள் பெருமளவு மாறினார்கள். மிக நெருங்கியவருக்கு இவ்வளவு, அடுத்தவருக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பேச்சைப் பங்கிடும் விதம் மட்டும் பெரிதாக மாறவில்லை. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் பின்னே தள்ளப்படுகிறார். அடுக்குப் பாத்திரம்போல, அளவு மாறாது.

அம்மாவின் அடுக்கில் மாவுஷி இருந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஊரில் யாரும் தன்னைத் தமிழன் என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை. இன்ன தெரு, இன்ன வீடு, இன்ன சாதி என்பதுதான் அங்கே அடையாளம். மும்பைக்கு வந்த பிறகுதான் நாங்கள் தமிழர் ஆனோம். மற்றவர்கள் எங்களை மதராசி என்றார்கள். 1966இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் கோபம் தென்னிந்தியர்கள்மீதுதான் பாய்ந்தது. வெளியிலிருந்து வந்த அந்த அழுத்தம் உள்ளே இருந்த தெருக்களைக் கொஞ்சமாவது ஒன்றாக்கியது. பொங்கலுக்குத் தாராவித் தெருவில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் சேர்ந்து பொங்கியிருக்க மாட்டாத பானைகள் சில அந்த வரிசையில் உண்டு.

இப்போது செல்பேசி கொண்டுவருவது தமிழை மட்டுமல்ல, பழைய தெருவையும்தான். அம்மாவின் வாட்ஸப்பில் உள்ள குழுக்களில் பாதி எங்கள் தெருவுக்கானவை, எங்கள் சாதிக்கானவை. மும்பையில் பிறந்த என் தம்பி மகனுக்கு, ஊரில் எந்தத் தெருக்காரர் எந்தக் கோயில் கொடைத் திருவிழாவில் எங்கே நிற்கக்கூடாது என்பதெல்லாம் தெரிகிறது. அந்த வயதில் எனக்குத் தெரியாது. இது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மொழிக்கோ அதே கருவி நல்லது செய்திருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையில் தாய்மொழி பின்வாங்கிவிடுவது பல நாடுகளில் காணப்பட்டதுதான். கடிதக் காலத்தில் எழுதத் தெரியாவிட்டால் ஊரோடு தொடர்பே அறுந்துவிடும். குரல் செய்திக்கு எழுத்து வேண்டாம். எழுத்தறியாத ஆச்சியும் எழுத்தறியாத பேரனும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். பேரன் வாயில் “சொல்லுதேன்”, “வருதேன்” என்று அசல் நெல்லைத் தமிழ் வருகிறது.

நெருங்கிய உறவுகள் இறுகுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கூட்டத்துக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் தெரிந்த செய்திதான் சுற்றிச் சுற்றி வரும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களை விசாரித்திருந்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. அரைகுறைப் பழக்கம்தான் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே பாலமாகிறது. தாராவிக்கு வந்தவர்களுக்கு முதல் வேலையை ஊர்க்காரர் வாங்கித் தருவார். அதைவிட நல்ல வேலை மாவுஷியின் மருமகன் வழியாக வரும்.

பாலம் இல்லாத இடத்தில் வதந்தி வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரு வதந்தியைப் பெறுபவர் சராசரியாக ஒருவருக்கு மேல் புதியவர்களுக்கு அனுப்பினால் அது தொற்றுநோய்போலப் பெருகும், ஒருவருக்குக் கீழே போனால் அவிந்துவிடும். 2018இல் வாட்ஸப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் செய்தியைக் கடத்த முடியாதபடி செய்தது அந்தச் சராசரியைக் குறைக்கத்தான். ஆனால் வேகம் குறைந்தாலும், மறுத்துச் சொல்ல உள்ளே ஆள் வேண்டுமே.

மும்பைக்கு வெளியே விசைத்தறிகள் நிறைந்த பிவண்டி ஊர் 1970இலும் 1984இலும் கலவரத்தில் எரிந்தது. 1988 முதல் சுரேஷ் கோப்டே என்ற காவல் அதிகாரி அங்கே பேட்டைதோறும் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்த மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. அஷுதோஷ் வார்ஷ்னே என்ற அரசியல் ஆய்வாளர் ஆறு இந்திய நகரங்களை ஆராய்ந்து 2002இல் சொன்னதும் இதையே ஒட்டியது: அன்றாடப் பழக்கம் கிராமத்துக்குப் போதும், நகரத்துக்குச் சங்கம், கமிட்டி, தொழில் அமைப்பு என்று இரு தரப்பும் சேர்ந்தவை வேண்டும். காரணம் எளிய பெருக்கல்தான். 50 குடும்பங்களுக்கு இடையே 1,225 இணைகள், பழகிவிடலாம். 5,000 குடும்பங்கள் என்றால் 1,24,97,500. எந்தக் குழாயடியிலும் அடங்காது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறெங்கோ நடந்தவற்றை எடுத்து ஒட்டியிருந்தார்கள். பயந்து ரயில் ஏறியவர்கள் உண்டு. எங்கள் மாடியின் கோடி வீட்டில் ஒரு பீகார்த் தையல்காரர் குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் பழுதாகி நாலு நாள் தண்ணீர் வராதபோது, கீழே டேங்கரிலிருந்து அவரும் நாங்களும் மாறி மாறிக் குடம் தூக்கியிருக்கிறோம். அதற்குப் பிறகு பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். அவர் செல்பேசியோடு வந்து கதவருகே நின்றார். “தீதி, இது நிஜமா? என் தம்பி திருப்பூரில் இருக்கிறான், போன் எடுக்கவில்லை.”

என் சித்தி மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். கூப்பிட்டேன். “இங்க ஒண்ணும் இல்லக்கா, எல்லாரும் வேலைக்கு வந்திருக்காவ” என்றாள். சொன்னால் அவர் நம்ப வேண்டுமே என்று, கூட வேலை பார்க்கும் பீகார்ப் பையனிடமே போனைக் கொடுத்துக் குரல் செய்தி அனுப்பச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வந்தது. பின்னணியில் தையல் மெஷின் ஓடும் சத்தத்தோடு, அவர்கள் பக்கத்துப் பேச்சில் அரை நிமிஷம். தையல்காரர் இரண்டு முறை கேட்டார். பிறகு அங்கேயே நின்றபடி தன் ஊர்க் குழுவுக்கு அதை அனுப்பினார்.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன சொல்லுதான் அந்தப் பையன்?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல், குழாயடியில் கற்ற இந்தியில் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.