தாடை மூட்டு வலி: அவசரப்பட்டுப் பல்லை எடுக்க வேண்டாம்

முதலில் காது வலி என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறார்கள். காதில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார். அப்புறம் நெற்றிப் பொட்டு வலிக்கிறது என்று கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாற்றுகிறார்கள். வலி போவதில்லை. கடைசியில் கடைவாய்ப் பல்தான் காரணமாக இருக்கும் என்று பல் மருத்துவரிடம் போகிறார்கள். என்னிடம் வருவதற்குள் சிலர் நல்ல பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து, அதிலும் வலி நிற்காமல் அந்தப் பல்லையே எடுத்துவிட்டிருப்பார்கள். நாள்பட்ட தாடை மூட்டு வலியோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் வந்த வழி இதுதான். இந்தக் கட்டுரையைப் படிக்கிற யாராவது ஒருவராவது அந்தப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டால் எனக்கு நிறைவு.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒன்று உருண்டு நகரும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரண்டு முனையிலும் மூட்டு இருப்பதால் ஒன்றை விட்டு இன்னொன்று தனியாக அசையாது. வலப்பக்கம் வலிக்கிறதே என்று இடப்பக்கமாகவே மென்றாலும் வலப்பக்க மூட்டும் கூடவே வேலை செய்யும். வாயைத் திறக்கும்போது எலும்பின் தலை முதலில் இருந்த இடத்திலேயே சுழலும், பிறகு முன்பக்கமாக வழுக்கி இறங்கும். நடுவில் குருத்தெலும்பு போன்ற மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட்டால், வாயைத் திறக்கையில் எலும்பு அதன்மேல் ஏறும்போது 'டக்' என்று சத்தம் வரும்.

காது ஏன் வலிக்கிறது என்றால், மூட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்புதான் காதின் ஒரு பகுதிக்கும் போகிறது. பல் ஏன் வலிக்கிறது என்றால், கன்னத்தில் இருக்கும் மெல்லும் தசை இறுகினால் அந்த வலி கீழ்க் கடைவாய்ப் பல்லில் எழுவதுபோலவே தெரியும். நோயாளி விரலை வைத்துக் காட்டுகிற பல்லைத் தட்டிப் பார்த்தால் வலிக்காது, குளிர்ந்த நீருக்குக் கூசாது, எக்ஸ்ரேயிலும் தெளிவாக இருக்கும். ஆனால் கன்னத் தசையை அழுத்தினால் "அதே வலிதான் டாக்டர்" என்பார். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். ரூட் கெனாலுக்கோ பல் எடுப்பதற்கோ ஒப்புக்கொள்வதற்கு முன்னால், "தாடைத் தசையையும் மூட்டையும் தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது, சத்தம் மட்டும் வருகிறது என்றால் சிகிச்சை தேவையில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்தத் தட்டு நகர்ந்திருப்பது தெரியவரும். எனவே ஸ்கேனில் 'தட்டு விலகல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். திடீரென்று சத்தம் நின்று, வாயும் பாதிக்கு மேல் திறக்க மாட்டேன் என்றால் மட்டும் உடனே வாருங்கள். தட்டு முன்னால் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதிலும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை இல்லாமலே சில மாதங்களில் வாய் திறப்பு மீள்கிறது.

இந்த வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்கிறோம். அதற்குப் பிறகு கதை மூட்டோடு நிற்பதில்லை. தூக்கம், மனஅழுத்தம், உடம்பில் வேறு இடங்களில் இருக்கும் வலி எல்லாம் இதில் கலந்துவிடுகின்றன. அமெரிக்காவில் தாடை வலியே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த 'ஆப்பெரா' ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தூக்கம் கெட்டவர்களுக்கும், ஏற்கெனவே தலைவலி, முதுகு வலி என்று அவதிப்படுகிறவர்களுக்கும்தான் தாடை வலி புதிதாக வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பெண்களிடம் இந்த வலி கூடுதலாக இருப்பதையும், 20 முதல் 40 வயதுக்காரர்கள் அதிகம் வருவதையும் நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

ஆனால் பல காலம் எல்லாப் பழியும் பற்களின் கடி அமைப்பின் மேலே, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதத்தின் மேலேதான் விழுந்தது. 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், பின் பற்கள் இல்லாமல் தாடை அதிகமாக மூடிக்கொள்வதால்தான் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்று எழுதினார். அந்த எண்ணத்தின் வழியாகப் பல்லை உரசிச் சமன் செய்வது, வரிசையாக உறை போடுவது என்று தலைமுறை தலைமுறையாகச் சிகிச்சைகள் நடந்தன. கடி அமைப்புதான் முக்கியக் காரணம் என்பதற்கு இன்று போதிய ஆதாரம் இல்லை. 1980களில் அமெரிக்காவில் விலகிய தட்டுக்குப் பதிலாக டெஃப்ளான் கலந்த செயற்கைத் தட்டை வைத்தார்கள். அது உள்ளேயே சிதைந்து, சுற்றியிருந்த எலும்பையும் அரித்தது. அந்த நோயாளிகளில் பலர் பிறகு அறுவைமேல் அறுவையாகச் செய்துகொள்ள நேர்ந்தது. திருப்பி எடுக்க முடியாத எதையும் இந்த நோய்க்கு அவசரமாகச் செய்யக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த வலிக்கென்றே ஒரு சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. அதில் முன்வரிசையில் வந்தவை மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சை, வலியைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநல ஆலோசனை, வீட்டிலேயே செய்யும் பயிற்சி, நோயைப் புரியவைத்துத் தைரியம் சொல்வது ஆகியவை. தட்டை அறுவை செய்து எடுப்பதையும், கடி அமைப்பையே நிரந்தரமாக மாற்றும், ஸ்பிளின்ட் என்ற பல் கவசத்தையும் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் சாதாரண நைட் கார்டைக்கூட வலிக்கான முதல் சிகிச்சையாக அவர்கள் பரிந்துரைக்கவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு நான் நைட் கார்டு கொடுக்கிறேன். அது பல் தேயாமல் காக்கும். சிலருக்குக் காலையில் தாடை இறுக்கமும் குறையும். ஆனால் வலி தீர்ந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. நைட் கார்டு போட ஆரம்பித்த பிறகு பற்கள் முன்புபோலச் சேரவில்லை என்று தோன்றினால் அதை நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

எல்லாவற்றுக்கும் முதல், பற்களைப் பிரித்து வைப்பது. சாப்பிடாத, பேசாத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். 'ன்' என்று சொல்லும்போது நாக்கு நுனி எங்கே தொடுகிறதோ, அங்கேயே நாக்கை இளைப்பாற விடுங்கள். தாடை தானாகத் தளரும். இதைச் சொன்னதும் "நான் பல்லைக் கடிப்பதே இல்லை டாக்டர்" என்பார்கள். ஒரு வாரம் கவனித்துவிட்டு வந்து, ஸ்கூட்டியில் சிக்னலில் நிற்கும்போது, காய் நறுக்கும்போது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரும்போது எல்லாம் கடித்துக்கொண்டே இருந்தேன் என்று அவர்களே சொல்வார்கள். செல்போனின் பின்புறம், சமையலறை அலமாரி, கணினித் திரையின் ஓரம் என்று சின்ன வண்ணப் பொட்டுகளை ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். மாத்திரையைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். பல்லை அழுத்திக்கொண்டே இருப்பது, நாள் முழுக்கக் குடத்தை இறக்கிவைக்காமல் இடுப்பிலேயே சுமப்பது மாதிரி. தசை ஓய்வே காணாது.

சாப்பாட்டில், வலி அதிகமாக இருக்கும் நாட்களில் மென்மையானதைச் சிறுசிறு கவளமாகச் சாப்பிடுங்கள். நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த பருப்புச் சாதம், முட்டை, வேகவைத்த காய் என்று எவ்வளவோ இருக்கிறது. பரோட்டா, முறுக்கு, கரும்பு, சூயிங்கம், எலும்பைக் கடிப்பது இவற்றுக்கு விடுமுறை. பொங்கல் பண்டிகை முடிந்த கையோடு தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முழுக் கொய்யாவை அப்படியே கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடலாம். ஆனால் மாதக்கணக்கில் கஞ்சி மட்டுமே குடித்துத் தாடையை அசைக்காமல் வைத்திருப்பதும் தவறு. தசை வலுவிழந்து, கொஞ்சம் மென்றாலே வலிக்கும் நிலைக்குப் போய்விடும். வலி தணியத் தணியப் பழைய சாப்பாட்டுக்கு மெல்ல மெல்லத் திரும்ப வேண்டும்.

வெதுவெதுப்பான ஈரத் துணியால் கன்னத்திலும் பொட்டிலும் கால் மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஒத்தடம் கொடுங்கள். சூடு தோல் தாங்குகிற அளவில் இருந்தால் போதும். அப்புறம் நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடியே, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு தடவைக்கு ஆறு முறை, ஒரு நாளில் நாலைந்து தடவை. கண்ணாடி முன் நின்று, தாடை ஒரு பக்கமாக இழுக்காமல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்காதீர்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறது. பக்கத்து மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் நிறையப் பேர். வலி ஏறிய சில நாட்களுக்கு மருத்துவர் சொல்லிப் போடுவது வேறு. நாள்தோறும் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாள்பட்ட வலிக்கு இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைச் சிலருக்கு எழுதுவதுண்டு. அதை இணையத்தில் தேடிப் பார்த்து, மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நிறுத்திவிடுகிறார்கள். அதே மருந்து சிறிய அளவில் நரம்பு வழியாக வரும் வலியைத் தணிக்கும், தூக்கத்துக்கும் உதவும். சந்தேகம் வந்தால் நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றால் இதைவிட அதிகமாக வருத்தப்படுகிறார்கள். "அப்போ என் வலி பொய்யா?" என்று ஒரு ஆசிரியை கண் கலங்கிக் கேட்டார். இரண்டு வருட வலி, வீட்டில் யாரும் நம்பவில்லை, வெளியில் வீக்கமோ காயமோ எதுவும் தெரியாததால் "இவளுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்ற பேச்சு. வலி முழுக்க உண்மைதான்மா என்று அவருக்கு விளக்கினேன். வலி நீண்ட நாள் நீடித்தால் அதைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. முன்பு உறைக்காத சின்னத் தொடுகைகூட வலியாக மாறுகிறது. பயமும் தூக்கமின்மையும் அதை இன்னும் ஏற்றிவிடும். அதைக் கீழே கொண்டுவரத்தான் ஆலோசனையே தவிர, வலி கற்பனை என்பதற்காக அல்ல. அடுத்த முறை அவர் கணவரையும் அழைத்து வரச் சொன்னேன். அவருக்கும் இதே விளக்கத்தைச் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகும் அந்த ஆசிரியைக்கு வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் வகுப்பில் பாடம் நடத்த முடிகிறது, இரவு தூங்குகிறார், வலி ஏறினால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருக்கிறார். இந்த நோயில் நான் நோயாளியோடு சேர்ந்து வைத்துக்கொள்ளும் இலக்கும் அதுதான்.

தாடையில் வரும் எல்லா வலியும் மூட்டு வலி அல்ல. பாக்கு, குட்கா, பான் போடுகிறவர்களுக்கு வாய் திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காரம் பட்டால் எரிந்தால், அது வாய்க்குள் நார்த்திசு இறுகும் நோயாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடிய நிலை அது. மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். 50 வயது தாண்டியவர்களுக்குப் புதிதாகப் பொட்டில் வலியும், மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பதும் சேர்ந்து வந்தால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கக்கூடும், கண் பார்வையே பறிபோகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படி ஏறும்போது தாடை வலித்து, ஓய்வெடுத்தால் நின்றால் இதயத்தைச் சோதியுங்கள். மார்பு அழுத்தமோ வியர்வையோ சேர்ந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். மின்சாரம் பாய்ந்ததுபோல நொடிகளில் வந்து போகும் வலி நரம்பு நோயாக இருக்கலாம். முகம் மரத்துப்போவது, கட்டி, காய்ச்சலோடு வீக்கம், காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

பல் மருத்துவரிடம் வேறு சிகிச்சைக்குப் போகும்போதும் உங்கள் தாடை மூட்டு வலியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஒரேயடியாக வாயைத் திறந்து வைக்காமல் நடுநடுவே ஓய்வு கொடுக்கச் சொல்லலாம், வேலையை இரண்டு மூன்று வருகைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அடங்கியிருந்த வலி திடீரென்று ஏறும் நாட்களும் வரும். பரீட்சை, வீட்டில் கல்யாணம், தூங்காத இரவுகள் என்று பெரும்பாலும் ஏதோ ஒன்று அதற்கு முன்னால் இருக்கும். பழையபடி ஆரம்பித்துவிட்டதே என்று புதிய மருத்துவரையும் புதிய ஸ்கேனையும் தேடி ஓட வேண்டியதில்லை. மென்மையான சாப்பாடு, ஒத்தடம், பல் தொடாமல் தாடையைத் தளர்த்துவது, நேரத்தோடு தூங்குவது என்று இரண்டு வாரம் பழைய முறைக்குத் திரும்புங்கள். அதற்கும் தணியாவிட்டால், அல்லது வலியின் தன்மையே மாறியிருந்தால், ஏற்கெனவே உங்களைப் பார்த்துவரும் மருத்துவரிடமே போய்க் காட்டுங்கள்.