மல்டி-ஃபேக்டர் ஆதென்டிகேஷன்: பல்வகைச் சான்றுறுதி

ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் புதிதாகச் சேருபவரிடம் ஐ.டி. ஆள் முதலில் கேட்பது, "எம்.எஃப்.ஏ. போட்டாச்சா?" கல்லூரி மின்னஞ்சலுக்கும் இப்போது இதே கேள்விதான். எம்.எஃப்.ஏ. என்பது மல்டி-ஃபேக்டர் ஆதென்டிகேஷனின் சுருக்கம். கணக்கின் உள்ளே நுழைபவர் உரிய ஆள்தானா என்று ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் சான்றால் உறுதிசெய்வதே இதன் பொருள்.

வகைகள் மூன்று: நமக்குத் தெரிந்தது (கடவுச்சொல், பின் நம்பர்), நம் கையில் இருப்பது (போன், ஏ.டி.எம். கார்டு), நம் உடலில் இருப்பது (கைரேகை, முகம்). கடவுச்சொல்லையும் கேட்டு, "படித்த முதல் பள்ளி எது?" என்றும் கேட்டால் கேள்விதான் இரண்டு, வகை ஒன்றே. இரண்டையும் ஒரே ஏமாற்றுப் பேச்சில் கறந்துவிடலாம். கார்டும் பின் நம்பரும் சேர்ந்தால் வகை இரண்டு.

ஆதென்டிகேஷனின் வேர் கிரேக்க 'ஆதென்டெஸ்': தானே செய்பவன், உரிமையாளன். அங்கிருந்து 'உண்மையான, உரியவரிடமிருந்து வந்த' என்ற பொருள் கிளைத்து, இலத்தீன் வழியே ஆங்கிலம் சேர்ந்தது. ஃபேக்டர் இலத்தீனில் 'செய்பவன்'. சென்னைக்கு இது பழைய சொல். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் வரிசையில் ரைட்டர் எனும் எழுத்தருக்கு அடுத்த மேல்படி ஃபேக்டர். அவர்கள் இருந்து வணிகம் பார்த்த இடம் ஃபேக்டரி. ராபர்ட் கிளைவ் 1744-ல் இங்கே வந்து இறங்கியது ரைட்டராக. கணிதத்தில், பெருக்கி ஓர் எண்ணை ஆக்கித் தரும் எண் ஃபேக்டர். நம் பாடநூல்களில் காரணி. மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காரணியை அப்படியே எடுத்து 'பல காரணி அங்கீகாரம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் இரண்டு சொல்லுமே ஒட்டவில்லை. காரணி என்றால் ஏதோ ஒன்று நிகழக் காரணமானது. கைரேகை எதற்கும் காரணமில்லை, அது சான்று. அங்கீகாரம் வடமொழிச் சொல், 'ஏற்றுக்கொள்ளுதல்' என்று பொருள். சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் பெற்ற மனை என்று விளம்பரத்தில் வருமே, அந்த இடத்தில் அது சரி. ஆள் யாரென்று உறுதிசெய்வது ஆதென்டிகேஷன். அவர் எதைத் திறக்கலாம் என்று அனுமதிப்பது ஆதரைசேஷன். அங்கீகாரத்தைப் பின்னதற்கு விட்டுவிடலாம். 'மெய்ப்பாடு' அழகான சொல்தான், ஆனால் தொல்காப்பியர் அதை நகையும் அழுகையும் சொல்ல எடுத்துக்கொண்டுவிட்டார். ஆகவே என் தேர்வு 'பல்வகைச் சான்றுறுதி'. வகை என்ற சொல் உள்ளேயே நிற்பது இதன் பலம். 'இரு படிச் சரிபார்ப்பு' என்பதில் அது விடுபட்டுப்போகிறது.

அலுவலகக் கணக்கில் இதை அமைக்கும்போது திரையில் ஒரு கியூஆர் கோடு வரும். அதற்குள் இருப்பது ஒரு ரகசியச் சாவி. ஆறு இலக்க எண் காட்டும் போன் செயலி, ஸ்கேன் செய்து எடுத்த அந்தச் சாவியையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு புது எண் தருகிறது. இந்த முறை 2011-ல், இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையான ஆர்.எஃப்.சி.யில், 6238 என்ற எண்ணோடு ஆவணமானது. சிக்னல் இல்லாத அடித்தளத்திலும் எண் வரும். போனின் நேரம் தப்பினால் செல்லாது. எண்ணுக்குப் பதில், போனில் வரும் கோரிக்கைக்கு 'அப்ரூவ்' தட்டும் முறையில் வேறு சிக்கல்: திருடன் விடாமல் கோரிக்கை அனுப்ப, தொல்லை தாங்காமல் தட்டிவிடுவார்கள். அதனால் மைக்ரோசாஃப்ட் 2023 மே முதல் திரையில் தெரியும் எண்ணைப் போனில் உள்ளிடச் சொல்கிறது.

புதுப் போன் வாங்கினால், பழையதை விற்பதற்கு முன்பே புதியதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.