உடனொளிர் கொழுமிய நானோதுகள்: சொல் விளக்கம்

மருந்தைச் சுமக்கவும் ஒளிர்ந்து இடம் காட்டவும் பயன்படும் மிகச்சிறிய கொழுப்பு உருண்டைதான் ஃபுளோரசன்ட் லிப்பிட் நானோபார்ட்டிகிள். அதைப் பலரும் 'ஒளிரும் கொழுப்பு நுண்துகள்' என்று எழுதுகிறார்கள். பொருள் புரியும்தான், ஆனால் மூன்று சொல்லும் கொஞ்சம் தளர்வானவை.

ஃபுளோரசன்ஸின் வேரில் ஒளியே கிடையாது. லத்தீனில் 'ஓடுதல்' என்று பொருள்படும் வினைதான் வேர். தாது எளிதில் உருகி ஓடுவதற்காகச் சேர்த்த கனிமம் ஃபுளோர்ஸ்பார். அதில் சில வகைகள் நீலமாக ஒளிர்வதால், இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் அதன் பெயரிலிருந்தே இந்தச் சொல்லை உண்டாக்கினார். (ஃபுளோரின் என்ற பெயரும் அதே கனிமத்திலிருந்து வந்ததுதான், அதற்காக ஒளிர்கிற பொருளிலெல்லாம் ஃபுளோரின் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.) அவர் ஆராய்ந்தவற்றில் முக்கியமானது குயினைன் கரைசல், மலேரியா மருந்தேதான்! ஒளியை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் உடனே வெளிவிடுவது ஃபுளோரசன்ஸின் இயல்பு. விளக்கை அணைத்தால் இதுவும் அணைந்துவிடும். அதன் பிறகும் ஒளிர்ந்தால் அது நின்றொளிர்வு (ஃபாஸ்பரசன்ஸ்). ஆகவே 'உடனொளிர்' என்பதே சரி.

லிப்பிட், கிரேக்க 'லிபோஸ்' வழி வந்தது, கொழுப்பு என்று பொருள். ஆனால் கொலஸ்டிராலும் செல் சவ்வின் பாஸ்போலிப்பிடும் இதில் அடங்கும் என்பதால் 'கொழுமியம்' என்ற பொதுப்பெயர் நல்லது. நானோவை அப்படியே விட்டுவிடலாம், அது 1960 முதல் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு. 'நுண்' என்பதை நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று ஏற்கெனவே மைக்ரோவுக்குக் கொடுத்துவிட்டோம்.

சரி, இந்தத் துகளால் என்ன பயன்? பாஸ்போலிப்பிடின் தலை நீரை நாடும், வால் விலகும், அதனால் நீரில் தானாகவே உருண்டையாகச் சேரும், உள்ளே மருந்தை வைக்கலாம். 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 'டாக்ஸில்' என்ற தயாரிப்பு அப்படிப்பட்டது, டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சுமந்து செல்லும் 100 நானோமீட்டருக்கும் சிறிய உருண்டை. டாக்சோரூபிசினுக்கே உடனொளிர்வு உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி: உருண்டைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும்போது ஒளி மங்கிவிடும், வெளியே வந்ததும் கூடும், ஆக மருந்து இறங்கியதை ஆய்வகத்தில் ஒளியை வைத்தே அறியலாம்.

இப்படி நோயைக் காட்டுவதும் தீர்ப்பதும் ஒரே துகளில் சேர்ந்தால் அது தெரனாஸ்டிக்ஸ், தெரபியையும் டயக்னாஸ்டிக்ஸையும் ஒட்டிய சொல். தமிழில் 'நோயறி சிகிச்சை' எனலாம்.

உடலுக்குள் மட்டும் ஒரு சிக்கல். கண்ணுக்குத் தெரியும் ஒளியை ரத்தம் விழுங்கிவிடும், அதனால் 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பில் ஒளிரும் இண்டோசயனின் கிரீன் போன்ற சாயங்களைத் துகளில் சேர்க்கிறார்கள். அதுவும் ஆழம் கூடக்கூட மங்கிக்கொண்டே போகும்.