கெட்டி நூல் போட்டால் கிழியாதா?

காரைக்குடியில் தையல் கடை வைத்திருப்பவனுக்குக் கிழிசல் புதிதில்லை. ஆனால் போன வாரம் ஒரு பெண் தன் அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்தார், அரக்குக் கரை, கடுகு மஞ்சள் உடல், அருமையான நெசவு. சுண்டுவிரல் நுனி அளவு ஓட்டை. அதில் செருப்பு ஒட்டும் உடனடிப் பசையை விட்டு அழுத்தியிருக்கிறார். அந்த இடம் அப்பளம் மாதிரி விறைத்து, மடித்தால் ஓரத்தில் புதிதாகக் கிழிகிறது. பருத்தியில் அந்தப் பசை பட்டால் சூடேறிக் கையே பொசுங்கும், விளையாட்டில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்று பெருமை பேசுகிறோம், ஊசி மட்டும் எடுக்க மாட்டோம்.

பசையாவது தெரியாமல் செய்தது. எனக்கு அதைவிட எரிச்சல், "தம்பி, கெட்டி நூலாப் போட்டுத் தச்சுடு, இனிமே கிழியக் கூடாது" என்று கடைக்கு வருபவர்கள் சொல்வதுதான். ஆச்சி, கிழிவது நூல் இல்லை, துணி! துவைத்துத் துவைத்து நைந்த பருத்தியில் நைலான் நூலையோ இரட்டை பாலியஸ்டர் நூலையோ இழுத்துத் தைத்தால் நூல் அப்படியே இருக்கும், துணிதான் ஊசித்துளை வரிசையாக அறுந்துகொண்டு வரும். அரை அங்குல ஓட்டை ஒரு சாண் ஆகும். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம், துணி அறுந்தால் என்ன செய்வீர்கள்? இவ்வளவும் சொன்ன பிறகு தலையாட்டிவிட்டு, "சரி, ஆனாலும் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்" என்பார்கள்.

சின்ன ஓட்டையை வீட்டிலேயே இழையோட்டி அடைக்கலாம். நூலுக்குக் கடை கடையாக அலைய வேண்டாம், சேலையின் உள்தலைப்பு ஓரத்தில் இரண்டு மூன்று இழை உருவிக்கொள்ளுங்கள், பருமன் கச்சிதமாகப் பொருந்தும், சேலையின் கட்டங்களில் நிறம் சற்று மாறினால் மாறட்டும். மெல்லிய ஊசி. முடிச்சு போடாமல் நூலில் கொஞ்சம் வால் விட்டுத் தொடங்குங்கள். ஓட்டையின் விளிம்பில் குத்தாதீர்கள், அரை அங்குலம் தள்ளி நல்ல துணியில் ஆரம்பித்து, முதலில் பாவுப் பக்கமாக, அதாவது நீளவாட்டு இழையோடு, நெருக்கி ஓட்டி, அப்புறம் குறுக்கே ஒரு இழைக்கு மேல், ஒரு இழைக்குக் கீழ் என்று ஊடை கொடுங்கள். திரும்பும் இடத்தில் சின்ன வளையம் தளர்வாக இருக்க வேண்டும், இறுக்கினால் முதல் சலவையிலேயே கொப்புளம் மாதிரி குவிந்துவிடும்.

சட்டை முழங்கை, பேன்ட் தொடை இடுக்கு இதற்கெல்லாம் ஒட்டுதான். ஒட்டுத் துணியை முதலில் துவைத்துக் காயவைத்து, மூலையை வளைத்து வெட்டி, இரண்டு துணியின் இழையும் ஒரே திசையில் ஓடும்படி பார்த்து உள்பக்கமாக வைத்துத் தையுங்கள்.

தயவுசெய்து கிழிந்ததை அப்படியே வாஷிங் மெஷினில் போடாதீர்கள். இரண்டு தையல் ஓட்டிவிட்டுக் கையால் அலசுங்கள். பட்டு, ஜரிகை, ஜிப் மட்டும் கடைக்கு வரட்டும். அதையும் வியர்வை நாற்றத்தோடு கொண்டு வந்து நீட்டாதீர்கள், நானும் மனுஷன்தானே.