ஜாக்கி ஏன் முதலில் முரண்டு பிடிக்கிறது?

நாலு டயருக்கும் காற்று பார்க்கச் சொல்கிறவர்கள் ஐந்தாவதை, உதிரி டயரான ஸ்டெப்னியை, விட்டுவிடுகிறார்கள். டிக்கியிலுள்ள மூட்டை முடிச்சை இறக்கச் சோம்பல்தான். ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும். சும்மா கிடக்கும் டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். 33 அடித்து மறந்த ஸ்டெப்னியில் ஓராண்டில் 20-கூட இருக்காமல் போகலாம். அதனால் 3 முதல் 5 பிஎஸ்ஐ கூட்டியே அடித்து வையுங்கள். பக்கவாட்டில் 60 பிஎஸ்ஐ என்று அச்சிட்ட ஒல்லி டயர் என்றால் 60 அடிக்க வேண்டும். மாட்டியபின் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. (வேல்ஸில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உதிரிச் சக்கரம் செய்யத் தொடங்கினார்கள். தெருப் பெயர் நம் ஊர் மெக்கானிக் வாயில் நிலைத்துவிட்டது.)

நெடுஞ்சாலையில் பஞ்சரானால் முதலில் எச்சரிக்கை முக்கோணம். 100 கி.மீ. வேகத்தில் வருகிறவர் அதைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்றரை விநாடியில் 42 மீட்டர் வந்துவிடுவார். ஆகவே 100 மீட்டராவது பின்னால், சுமார் 130 எட்டு நடந்து வையுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு திருகினால் நட்டோடு சக்கரமும் சுற்றும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவும். காற்றுத் துப்பாக்கியால் ஒர்க்‌ஷாப்பில் இறுக்கிய நட்டு, வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனருக்கு அசையாது. ஸ்பேனரில் செருக இரண்டடி இரும்புக் குழாய் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

இனி ஜாக்கி. கத்தரி போல மடங்கும் இதன் கைகள் தாழ்ந்து கிடக்கும்போது திருகுதண்டின் மேல் விழும் இழுவிசை பல மடங்கு. கைகள் தரையோடு 15 பாகையில் இருந்தால், 300 கிலோ தூக்கத் தண்டு ஏறத்தாழ 1,100 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். 45 பாகைக்கு எழுந்தபின் வெறும் 300 தான். காற்றிறங்கிய வண்டி தாழ்ந்து நிற்பதால் நாம் தொடங்குவதே அந்தக் கடினமான கோணத்தில். தண்டில் கிரீஸ் காய்ந்திருந்தால் கைப்பிடியே வளையும். மண் தரையென்றால் அடியில் ஓரடிச் சதுரப் பலகை போடுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் புதையும்.

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கினால் மிஞ்சுவது ஒன்றே. முன்சக்கர இழுவைக் காரில் முன்சக்கரத்தைத் தூக்கினாலோ கியர் கைவிட்டுவிடும்: டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கர அமைப்பு) தூக்கிய சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு, தரையிலுள்ளதை உருள விடும். ஆகவே கியர், ஹேண்ட்பிரேக் இரண்டும் போட்டு, மூலைக்கு மூலை எதிரிலிருக்கும் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். கழற்றும்வரை ஸ்டெப்னியைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் இறங்கும்.

நட்டுகளை எதிரெதிராக, சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று தடவை முடுக்குங்கள். வரிசையாகப் போனால் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து உட்காரும். சின்ன காருக்கு முறுக்குவிசை 100 நியூட்டன்-மீட்டர் அளவில் போதும்: 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 35 கிலோ அழுத்தம். ஏறி நின்று மிதித்தால் போல்ட் நீண்டு மரை கெடும். 50 கி.மீ. ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.