ஆப்பிரிக்காவைப் பிளக்கும் ஆப்பு

கென்யாவில் சாலையோரம் நிலம் பிளந்து கிடக்கும் படத்தை வாசகர் ஒருவர் அனுப்பி, “ஆப்பிரிக்கா இரண்டாகப் போவது உண்மையா?” என்று கேட்டிருந்தார். 2018 மார்ச்சில் எடுத்த படம் அது, வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. தளர்வான எரிமலைச் சாம்பல் மண்ணைப் பெருமழை அடியிலேயே அரித்துக்கொண்டு போக, மேல்தரை உள்ளே விழுந்த பள்ளம் அது என்றுதான் புவியியலாளர்கள் பலர் சொன்னார்கள். ஆனால் கேள்விக்குப் பதில், ஆமாம், உண்மைதான்.

கண்டத் தட்டுகள் நகர்வது பள்ளியில் படித்ததே. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி நூபியத் தட்டு, கிழக்கு ஓரம் சோமாலியத் தட்டு. எத்தியோப்பியாவில் இரண்டும் ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டர் விலகுகின்றன. இடையில் இழுபட்டு மெலிந்த நிலம் தாழ்ந்ததுதான் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. அதில் கிடக்கும் டாங்கனிக்கா ஏரியின் ஆழம் 1,470 மீட்டர்.

வடக்கே, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் அரேபியத் தட்டும் சேர்ந்துகொள்கிறது. அங்கே விலகல் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வரை. சரி, தரை ஆண்டுதோறும் அவ்வளவு வாய் பிளக்குமா என்றால், இல்லை. பாறை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். இழுவிசை நூற்றாண்டுக்கணக்கில் சேரும். அப்புறம் ஒருநாள் அடியிலிருக்கும் பாறைக்குழம்பு வழி தேடும். எந்தத் திசையில் பாறை ஏற்கனவே இழுபட்டு நிற்கிறதோ, அந்தத் திசையில் அதை விலக்குவதுதான் குழம்புக்கு எளிது. அதனால் குழம்பு, செங்குத்தாக நிற்கும் மெல்லிய தகடுபோல நிலத்தடியில் பக்கவாட்டில் ஓடுகிறது. விறகு பிளக்கிறவர் கட்டையில் ஆப்பு இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2005 செப்டம்பரில், அஃபாரின் டப்பாஹு எரிமலையை ஒட்டி அந்த ஆப்பு 60 கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கியது. சில வாரங்களில் நிலம் 8 மீட்டர் வரை அகன்றது. ஏறக்குறைய 400 ஆண்டு பாக்கி ஒரே தவணையில் தீர்ந்தது! வெளியே வந்ததோ சிறிய வெடிப்பும் சாம்பலும்தான். கிட்டத்தட்ட எல்லாக் குழம்பும் உள்ளேயே தங்கிவிட்டது.

எனக்கு வியப்பு அடங்காத இடம் இதுதான். விறகைப் பிளந்தபின் ஆப்பை எடுத்துவிடலாம். இந்த ஆப்பு அங்கேயே இறுகிப் புதுத் தரையாகிவிடுகிறது. கண்டம் துணிபோலக் கிழிவதில்லை, விலகிய அளவுக்கு நடுவில் புதுப் பாறை வந்து சேர்கிறது. பெருங்கடல்களின் அடித்தரை பிறப்பதும் இதே முறையில்தான். ஆழ்கடலில் மறைந்து நடப்பதை அஃபாரில் கால் நனையாமல் நின்று பார்க்கலாம்.

அந்த 8 மீட்டரை விண்ணிலிருந்து அளந்தது ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளின் ரேடார். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோ-நாசா செயற்கைக்கோள் நிசாரும் அதே வகை வேலைக்கானது. இதற்கெல்லாம் இவ்வளவு பணமா என்று கேட்பவர்களோடு நான் உடன்படவே மாட்டேன். இவ்வளவு பரந்த பரப்பில் தரை சென்டிமீட்டர் கணக்கில் அசைவதைத் தொடர்ந்து பார்த்துவர வேறு நல்ல வழி நமக்கு இல்லை.

இந்தப் பிளவுக்குள் கடல் வருவதற்கு இன்னும் பல லட்சம் ஆண்டுகள் ஆகலாம். ஆனால் பள்ளம் தயாராக இருக்கிறது. அஃபாரின் டானகில் தாழ்நிலம் கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது, செங்கடலை ஓரத்து மேட்டுநிலம்தான் தடுத்து வைத்திருக்கிறது. முன்பே செங்கடல் உள்ளே வந்து வற்றியும் போயிருக்கிறது. அது விட்டுப்போன உப்பைத்தான் அஃபார் மக்கள் பாளம் பாளமாக வெட்டி, ஒட்டகத்தில் ஏற்றி, மேட்டுநிலச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.